உள்ளே வராத சொல்

மலேசியத் தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஒரு மண்டபம், பின்னால் பதாகை, முன்னால் ஆறேழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் கைகளில் ஒரு மேசை நீளத்துக்கு மாதிரிக் காசோலை இருக்கும். தொகை தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதப்பட்டிருக்கும். நன்கொடை தந்த நிறுவனத்தின் சின்னம் காசோலையிலும் பதாகையிலும் சட்டைப் பையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். கீழே நான்கு பத்திச் செய்தி. முதல் பத்தியில் தொகையும் பள்ளியின் பெயரும். இரண்டாவதில் சமுதாயத்துக்குக் கைம்மாறு செய்வதில் பெருமைப்படுவதாக நிர்வாக இயக்குநரின் கூற்று. மூன்றாவதில் தலைமையாசிரியரின் நன்றி. நான்காவதில் நிறுவனம் தொடங்கிய ஆண்டும் அது எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்பதும். இயக்குநரின் கூற்றை இயக்குநர் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. மக்கள் தொடர்பில் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நிகழ்ச்சிக்கு முன்பே அதை எழுதி, மேலாளரிடம் ஒப்புதல் வாங்கி, நாளிதழ்களுக்கு அனுப்பத் தயாராக வைத்திருப்பதுதான் தொழிலின் வழக்கம். பணம் உண்மையானது, பள்ளிக்கு அது தேவையும்கூட. பொய் என்று சுட்டிக்காட்ட அச்செய்தியில் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அந்த நிறுவனத்திடம் என்ன கேட்டார்கள், அல்லது கேட்க நினைத்தும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டார்கள் என்பதற்கு அந்த நான்கு பத்திகளில் இடமே கிடையாது. மக்கள் தொடர்புத் தொழிலையும் அதைக் கற்பிக்கும் பட்டப்படிப்பையும் அந்த விடுபட்ட இடத்திலிருந்துதான் எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

தொடர்பு என்ற சொல்லுக்கு இரண்டு முனைகள் உண்டு. தமிழில் இந்தத் தொழிலின் பெயர் ஊருக்குள் பரவியது சினிமா வழியாக. 1958-இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பணியாற்றிய 'பிலிம் நியூஸ்' ஆனந்தனோடுதான் தமிழ்த் திரையுலகில் 'பி.ஆர்.ஓ.' என்ற பட்டம் வேரூன்றியது. அதனால் நம் மனத்தில் மக்கள் தொடர்பு அலுவலர் என்றால் படங்களையும் செய்திகளையும் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்ப்பவர் என்ற உருவமே படிந்துவிட்டது. வெளியே செல்லும் சொல்லுக்கு இத்தொழிலில் ஆள் இருக்கிறது, பதவி இருக்கிறது, ஆண்டு இறுதியில் போனஸ் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களின் சொல்லை முடிவெடுக்கும் அறைக்குள் கொண்டுவரும் வேலைக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஊதியம் இல்லாத வேலை என்பதால் பல்கலைக்கழகமும் அதை ஒப்புக்குத்தான் கற்பிக்கிறது. தொழிலிலும் படிப்பிலும் மாணவர்கள் காணும் குறைகள் பலவும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

பட்டர்வொர்த்தின் மாக் மண்டினிலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பினாங்கு மாநிலம் தொழில்மயமாகத் தொடங்கிய 1960களில் பெருநிலப் பக்கத்தில் உருவான தொழிற்பேட்டைகளுள் ஒன்று அது. தொழிற்கூடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள், அடுக்குமாடிகள், ஒரு தமிழ்ப்பள்ளி, கோயில்கள், உணவுக்கடைகள் எல்லாம் ஆலைகளின் மூச்சு படும் இடத்திலேயே இருக்கின்றன. மாநிலத்தின் முகமாக உலகுக்குக் காட்டப்படும் ஜோர்ஜ் டவுன் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைத் தகுதி கிடைத்த நாள்முதல் வண்ணப் பிரசுரங்களும் கண்காட்சிகளும் விருந்தினர் வரவேற்புகளும் அந்தக் கரையில்தான் நடக்கின்றன. இக்கரையில் இரவு பத்து மணிக்குக் காற்றில் ஒரு நெடி வந்தால் மக்கள் செய்வதைக் கவனியுங்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குச் சொல்வார்கள். செபராங் பிறை மாநகராட்சிக்கோ சுற்றுச்சூழல் துறைக்கோ புகார் எழுதுவார்கள். ஆலையின் மக்கள் தொடர்புப் பிரிவை அழைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. அப்படி ஒரு பிரிவு இருந்தாலும் அது பெரும்பாலும் கோலாலம்பூர்த் தலைமையகத்தில் இருக்கும், அதன் எண் வாசல் பலகையில் இருக்காது. நேரில் போய்க் கேட்பவரை எதிர்கொள்பவர் வாசற்காவலர். அவர் பல இடங்களில் நேப்பாளத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்; கேட்பவரின் மொழி அவருக்கும் அவர் மொழி கேட்பவருக்கும் புரியாது. நிறுவனம் மக்களோடு கொண்டிருக்கும் தொடர்பின் முழு எடையும் அந்த ஒருவர் தோளில் விழுகிறது.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. இந்நாட்டில் மக்கள் தொடர்பு பிறந்த விதமே அப்படி. போர் முடிந்து 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் விளம்பரத்துக்கும் அச்சுக்கும் ஒரு துறையை ஏற்படுத்தியது. மலாயன் யூனியன் அமைந்த 1946-இல் அது மக்கள் தொடர்புத் துறை ஆயிற்று. இரண்டே ஆண்டில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. 1950-இல் ஹியூ கார்ல்டன் கிரீன் அவசரகாலத் தகவல் சேவையை நடத்த மலாயா வந்தார், பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் ஆனவர் இவரே. காடுகளின் மேல் விமானங்கள் துண்டறிக்கைகளைப் பொழிந்தன, ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் சரணடையச் சொல்லி அழைத்தன. உளவியல் போர்ப் பிரிவில் பெயர்பெற்ற சி. சி. டூ, சரணடைந்த கெரில்லாக்களிடம் நிதானமாகப் பேசி, காட்டுக்குள் இருப்பவர்களின் பசி, அச்சம், மனத்தாங்கல் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பத் துண்டறிக்கைகளை எழுதச் செய்தார். சரணடைந்தவர்களின் சொந்தக் கையெழுத்திலேயே பல அறிக்கைகள் வெளிவந்தன. இதை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்திலும் கேட்டார்கள், அதுவும் மிகத் திறமையாகக் கேட்டார்கள். ஆனால் கேட்டதன் நோக்கம் எதிரில் இருப்பவரை மாற்றுவது மட்டுமே. புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரிடம், பெயர்க்கலாமா என்று எவரும் கேட்கவில்லை. 1962-இல் மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் உருவாகி, தொழிலுக்கு ஒழுக்க நெறியும் உறுப்பினர் தகுதியும் வந்த பிறகும் அந்த முதல் பழக்கம் போகவில்லை.

வகுப்பறையில் மாணவர் படிப்பது வேறொரு கதை. எட்வர்ட் பெர்னேஸ் 1923-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக நடத்தியதிலிருந்து தொடங்கி, 1984-இல் ஜேம்ஸ் குரூனிக்கும் டாட் ஹண்ட்டும் வகுத்த நான்கு மாதிரிகளில் வந்து நிற்கும் கதை அது. பரபரப்பு மூட்டுவது முதல் மாதிரி. தகவல் தருவது இரண்டாவது. கேட்டறிந்து வசப்படுத்துவது மூன்றாவது. இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்டு இருவருமே மாறுவது நான்காவது. நான்காவதுதான் உயர்ந்தது என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் கையில் வந்து சேர்வது முதல் இரண்டு மாதிரிகள். சற்று வசதியான நிறுவனமாக இருந்தால் மூன்றாவது. படித்தது எதற்கும் உதவவில்லை என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். பட்டதாரிகளுக்கு ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வரவில்லை என்று நிறுவனங்கள் குறைப்படுகின்றன. இரண்டு குறைகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து, பாடத்திட்டத்தைத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோவது, நோயை வளர்க்கும் மருந்து. இந்நாட்டில் தொடர்பியல் பட்டப்படிப்பை முதலில் தொடங்கிய பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தப் பிரிவுக்கு வைத்திருக்கும் பெயர் 'வசப்படுத்தும் தொடர்பியல்'. அந்தப் பெயரின் நேர்மையை மதிக்கிறேன். பல இடங்களில் வேறு பெயரில் கற்பிக்கப்படுவதும் இதுதான்.

தொழிலின் நன்மையைக் குறைத்துச் சொன்னால் இந்த எடைபோடல் நியாயமாக இராது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வால்வுகளை மாற்ற வேண்டி வந்தபோது, பினாங்கின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 5,90,000 இணைப்புகளுக்குக் குடிநீர் தடைப்பட்டது. எந்த வட்டாரத்தில் எந்த நாள், எந்த மணியிலிருந்து குழாயில் தண்ணீர் வராது, நீர்த்தொட்டி வண்டிகள் எங்கே நிற்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே மக்களுக்குச் சொல்லப்பட்டன. சில இடங்களில் அறிவித்த நேரத்தைத் தாண்டியும் தண்ணீர் வராமல் மக்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அது நடந்திருந்தால் வீட்டில் நோயாளியை வைத்திருந்தவர்களும் சிறுகடைக்காரர்களும் பட்டிருக்கக்கூடிய பாட்டோடு ஒப்பிட்டால், நல்ல அறிவிப்பு என்பது உயிர் காக்கும் சேவை என்று தயங்காமல் சொல்லலாம். அதேபோல், ஆள் பற்றாக்குறையில் நடக்கும் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசைக்கு, தேதியும் தொகையும் பெயர்களும் சரியாக உள்ள அறிக்கை வந்து சேர்வது பெரிய உதவி. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் மூடப்பட்டது. எஞ்சியிருக்கும் நாளிதழ்கள் எல்லா ஊருக்கும் நிருபரை அனுப்பும் நிலையில் இல்லை. ஆனால் இந்த உதவியிலேயே ஆபத்தும் சேர்ந்து வருகிறது. போய்ப் பார்க்க ஆளில்லாத இதழில், அனுப்பப்பட்ட அறிக்கை அப்படியே செய்தியாகிறது. பத்திரிகை மெலிய மெலிய, அறிக்கை எழுதுபவரின் பொறுப்பு கூடுகிறது. அந்தப் பொறுப்பை அவருக்கு யாரும் கற்பிப்பதில்லை.

பேசும் திறமை கேட்கும் திறமையை முந்திக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசிய வரலாற்றில் நீப்பா நோயைவிடக் கொடிய சான்று இருக்க முடியாது. 1998 செப்டம்பரில் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் பன்றி வளர்ப்போர் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவுவது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தெளிவான, உறுதியான, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட செய்தி. பாடநூல் இலக்கணப்படி குறை சொல்ல முடியாதது. பண்ணைக்காரர்களோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பன்றிகள் குரைப்பது போல உரக்க இருமின. பிறகு அவற்றைத் தொட்டுப் பழகிய வளர்ந்த ஆண்கள் விழுந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். நோய் நெகிரி செம்பிலான் பண்ணைகளுக்குப் பரவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தபோதுதான் பண்ணைக்காரர்கள் கண்ணால் கண்டது அறிவியலாயிற்று. மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அறியாத நோயை முதலில் தவறாகக் கணித்ததற்காக எவரையும் குற்றம் சொல்வது அறமாகாது. என் கவலை வேறு. பண்ணைக்காரனின் 'இது கொசு இல்லை' என்ற சொல், முடிவெடுப்பவரை எட்ட ஒரு வழி இருந்திருக்க வேண்டும். தொடர்பு என்று பெயர் வைத்துக்கொண்ட தொழில் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஆனால் உலகெங்கும் மாணவர் மனப்பாடம் செய்யும் நெருக்கடிப் பாடம், 1982-இல் சிகாகோவில் ஏழு பேர் இறந்தபின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 3 கோடியே 10 இலட்சம் டைலினால் புட்டிகளைத் திரும்பப் பெற்ற கதை. நல்ல பாடந்தான். நம் வீட்டு வாசலில் நடந்ததை விட்டுவிட்டு அதை மட்டுமே படித்தால், நெருக்கடி என்பது நிறுவனத்தின் பெயருக்கு வருவது என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்கும்.

இன்னொரு பெரிய குறை, பேசுவது யார் என்பதை மறைப்பது. 2012 பிப்ரவரியில் பி.பி.சி. தன் உலகச் செய்தித் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டது. எஃப்.பி.சி. மீடியா என்ற நிறுவனம் தயாரித்துக் கொடுத்து ஒளிபரப்பான, மலேசியா இடம்பெற்ற எட்டு நிகழ்ச்சிகளின் பின்னால், அந்நிறுவனத்துக்கும் மலேசிய அரசுக்கும் பண உறவு இருந்ததாகத் தெரியவந்ததே காரணம். அடுத்த ஆண்டு ஜனவரியில், அமெரிக்க அரசியல் எழுத்தாளர் ஜோஷ்வா டிரவீனோ அந்நாட்டுச் சட்டப்படி தாமதமாகத் தாக்கல் செய்த பதிவு, 2008 முதல் 2011 வரை மலேசிய ஆளும் தரப்புக்கு ஆதரவாக எழுதவும் எழுதுவிக்கவும் ஏறத்தாழ 3,90,000 டாலர் வந்ததைக் காட்டியது. அந்தப் பணத்தில் பங்கு பெற்ற பிற எழுத்தாளர்களின் கட்டுரைகளை வாசித்தவர்கள் அவற்றைத் தனிமனிதக் கருத்து என்றே நம்பியிருப்பார்கள். இவை சில கறுப்பு ஆடுகளின் வேலை, ஒரு தொழிலையே இதைக்கொண்டு அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017-இல் தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைக் கிளறிய பரப்புரைக்காக பெல் பாட்டிங்கர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை பிரிட்டனின் மக்கள் தொடர்புத் துறைச் சங்கமே வெளியேற்றியது. சில நாள்களில் அந்நிறுவனம் நொடித்துப்போனது. தொழிலுக்கு மனச்சாட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலேசியாவில் இத்தொழிலைச் செய்ய மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற உரிமம் வேண்டியதில்லை. மக்கள் தொடர்புக் கழகத்திலிருந்து விலக்கப்பட்டவர் மறுநாளும் தொழில் செய்யலாம். அதைவிட முக்கியம், தொழிலின் அளவுகோலே மறைப்பதற்குப் பரிசு தருகிறது.

அந்த அளவுகோலைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு செய்தி நாளிதழில் வந்ததும், அது பிடித்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ரிங்கிட் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்ற காரணத்தைச் சொல்லி அதை மூன்றால் பெருக்குவதும் உண்டு. நாம் முதலில் பார்த்த மாதிரிக் காசோலைப் படமும் அப்படித்தான் மாத இறுதி அறிக்கையில் ஒரு தொகையாக மாறும். சில சமயம் பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையைவிட அந்தத் தொகை பெரிதாகவும் இருக்கும். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள், இந்த விளம்பர மதிப்புக் கணக்கு தொடர்பின் பயனை அளப்பதாகாது என்று தெளிவாக அறிவித்தார்கள். ஆனாலும் கணக்குக் கேட்கும் வாடிக்கையாளரும் கொடுக்கும் முகவர் நிறுவனமும் அதை விடவில்லை, எண் கையில் இருப்பது இருவருக்கும் வசதி. அந்த மூன்றால் பெருக்கலின் பொருளை யோசியுங்கள். பணம் கொடுத்தது யார் என்று வாசகருக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்த இரண்டு மடங்கு கூடுதல் விலை. நிறுவனம் என்ன கேட்டது, கேட்டு எதை மாற்றிக்கொண்டது என்பதற்கு இந்தக் கணக்கில் வரிசையே இல்லை. எதற்கு வரிசை இல்லையோ அதற்கு ஆள் போடமாட்டார்கள்.

கேட்பதை வேலையாகக் கொண்டவர்கள் பினாங்கு மாநிலத்தில் இல்லாமல் இல்லை. அவர்கள் தங்களை மக்கள் தொடர்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நீண்ட காலம், 2019-இல் மறையும் வரை, தலைமையேற்று நடத்தியவர் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எஸ். எம். முகமது இத்ரிஸ். சங்கத்தின் பணி புகார் மேசையில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். சொன்னதை எழுதிக்கொள்வார்கள், பொருளையோ தண்ணீரையோ சோதிப்பார்கள், பிறகு பெயர் போட்டு அறிக்கை விடுவார்கள். மாக் மண்டினுக்குத் தெற்கே, அதே செபராங் பிறையில் உள்ள கோலா ஜூரு மீனவக் கிராமம் இதற்கு உதாரணம். பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு 1970களில் ஜூரு ஆற்றைக் கெடுத்து, மீனும் சிப்பியும் செத்துப் பிழைப்பு போனபோது, அந்த மீனவர்களின் சொல்லை நாளிதழ்களுக்கும் அதிகாரிகளுக்கும் எடுத்துச் சென்றது சங்கம்தான். மீனவர்கள் தாங்களே கூட்டுறவாகச் சேர்ந்து சிப்பி வளர்க்கவும் முனைந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதே கதை பினாங்குத் தீவின் தென்கரையில் திரும்பியது. கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்கும் திட்டம், 4,500 ஏக்கர். 2020-இல் டென்மார்க்கின் பெயர்பெற்ற கட்டடக்கலை நிறுவனம் ஒன்று வரைந்த, பச்சையும் நீலமும் மின்னும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. மக்கள் தொடர்பின் கண்ணோட்டத்தில் அது ஒரு பெரிய வெற்றி. 2021 செப்டம்பரில், மீனவர் தரப்பு மேல்முறையீட்டில், திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி இரத்தானது. 2023-இல் திருத்திய அனுமதி பெற்றபின் மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. வலை வீசும் இடம் எது, இறால் எந்த மாதம் எங்கே வரும் என்று மீனவருக்குத் தெரிந்திருந்ததை, வரைபடம் தீட்டுவதற்கு முன்பே ஒருவர் உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தால் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும், எத்தனை மனக்கசப்பு தவிர்ந்திருக்கும்!

சங்கமும் ஒரு தரப்புதானே, வளர்ச்சியை எதிர்ப்பதே அதற்கு வாடிக்கை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில விஷயங்களில் அதன் எச்சரிக்கை மிகை என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அது தன் பெயரில் பேசுகிறது, ஆதாரத்தை மேசையில் வைக்கிறது, மறுப்பதற்கு இடம் விடுகிறது. இதே வாதத்தின் இன்னொரு வடிவம், மக்கள் தொடர்பாளர் ஒரு வழக்கறிஞரைப் போல, தன் கட்சிக்காரருக்காகப் பேசுவது அவர் கடமை என்பது. நீதிமன்றத்தில் எதிர்த் தரப்புக்கும் வழக்கறிஞர் உண்டு, இருவரையும் கேட்க நீதிபதி உண்டு, பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டு. கோலா ஜூருவின் மீனவருக்கு முகவர் நிறுவனம் கிடையாது. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை வழக்கறிஞர் உவமை பொருந்தாது.

மொழியும் இதே கதையைச் சொல்கிறது. பினாங்கு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்தியர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தைப்பூசம் வந்தால் தேரும் காவடியும் சுற்றுலாப் பிரசுரங்களின் அட்டைக்கு வரும், தீபாவளிக்கு வாழ்த்து தமிழில் வரும். ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது அதன் சுருக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழிலேயே படித்து வளர்ந்த முதியவர் அந்தத் தடித்த தொகுதியின் முன் நின்றால் படங்களைத்தான் புரட்ட முடியும். தமிழ் வாசகர் எண்ணிக்கை குறைவு, செலவுக்குக் கட்டாது, இளையவர்களுக்கு மலாய் தெரியும் என்று காரணம் சொல்வார்கள். இளையவர்களைப் பற்றிச் சொல்வது சரி. செலவைப் பற்றிச் சொல்வதை ஏற்க முடியாது. அவசரகாலத்தில் மலாய், சீனம் இவற்றோடு தமிழிலும் துண்டறிக்கை அச்சடிக்க இந்த நாட்டுக்கு முடிந்தது. பயனீட்டாளர் சங்கம் குறைந்த பணத்தில் 'பயனீட்டாளர் குரல்' என்ற தமிழ் ஏட்டையே நடத்தியிருக்கிறது. வாழ்த்துச் சொல்லத் தமிழ் கிடைக்கிறது, பதில் கேட்கத்தான் கிடைப்பதில்லை. தமிழறிந்த மாணவர்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அவர்களுடைய தமிழைத் தகுதியாக எண்ணி மதிப்பெண் தரும் பாடம் அரிது. மாக் மண்டினில் வளர்ந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் வகுப்பில் ஆங்கிலமும் பேசி, கடைத்தெருவில் கொஞ்சம் ஹொக்கியனும் புரிந்துகொள்ளும் ஒரு மாணவி கையில் இருப்பது எந்தப் பாடநூலாலும் தரமுடியாத கருவி.

அப்படியானால் பட்டம் எதற்கு, நிருபராக நான்கு ஆண்டு வேலை பார்த்தவர் இதைவிட நன்றாகச் செய்வாரே என்று தொழிலில் மூத்தவர்கள் கேட்கிறார்கள். அறிக்கை எழுதுவது, நிகழ்ச்சி நடத்துவது, நிருபர்களை அறிந்து வைத்திருப்பது ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. அதற்கு மூன்றாண்டுப் படிப்பும் உயர்கல்விக் கடனும் தேவையில்லை. ஆனால் ஓர் ஆற்றுநீர் ஆய்வறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வது, கருத்தாய்வில் யார் விடுபட்டார்கள் என்று கண்டுபிடிப்பது, 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மக்களுக்கு என்ன உரிமை தருகிறது என்று அறிவது, கோபத்தோடு பேசுபவரின் சொல்லைத் திரிக்காமல் எழுதிக்கொள்வது, அதை மேலதிகாரி கேட்க விரும்பாத நேரத்திலும் அவர் முன் வைப்பது ஆகியவற்றை வேலையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வேலை அதற்கு நேரம் தராது. பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே அந்த நேரம் இருக்கிறது. உத்தார் பல்கலைக்கழகம் போல மக்கள் தொடர்புக்கென்றே தனிப் பட்டம் வழங்கும் இடங்கள் பெருகிவிட்ட நாளில், அந்த நேரத்தைத் தொழில் தானே கற்றுத்தரக்கூடியவற்றுக்குச் செலவிடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இப்போது சமூக ஊடகம் வந்துவிட்டது, ஊர் என்ன பேசுகிறது என்பதை மென்பொருளே வண்ண வரைபடமாகக் காட்டுகிறது, இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்ற வாதத்தையும் கவனிக்கத்தான் வேண்டும். அந்த மென்பொருள், நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை வந்தது, புகழ்ந்தா இகழ்ந்தா என்று எண்ணுகிறது. நெடி வந்த இரவில் தாமான் மக்கள் பேசுவது மூடிய வாட்ஸ்அப் குழுவில். அங்கே ஆலையின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், 'அந்தப் பக்கத்துக் கம்பெனி' என்பார்கள். குரல் பதிவில் பேசுவார்கள், ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் கலந்திருக்கும். விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் பேசவே அஞ்சுவார். வரைபடத்தில் அந்த இரவு வெறுமையாக இருக்கும். வெறுமையைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு அறிக்கை மேலே போகும்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பயிற்சிக்காலம் என்று மாணவர்களை முகவர் நிறுவனங்களுக்கு அனுப்பும் மாதங்களில் ஒரு பகுதியை வேலியின் இந்தப் பக்கத்தில் கழிக்கச் செய்யலாம்: சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில், மாநகராட்சியின் புகார்ப் பிரிவில், பயனீட்டாளர் சங்கத்தில், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில். இறுதித் தேர்வாக ஒரு பத்திரிகை அறிக்கைக்குப் பதிலாக, மாக் மண்டினில் பத்து வீடுகள் சொன்னதை ஓர் ஆலை நிர்வாகம் படிக்கும்படியாக இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லலாம். அந்த இரண்டு பக்கத்தை ஆலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பதில் வந்ததா என்று பதிவு செய்யவும் சொல்லலாம். நிர்வாகம் வாங்க மறுக்கலாம், மாணவரை வாசலிலேயே நிறுத்தலாம். அப்படி நிறுத்தப்பட்டால் அதுவும் அவருடைய மதிப்பெண் ஏட்டில் ஏற வேண்டிய செய்திதான். எத்தனை மணிக்குப் போனார், யாரிடம் கொடுத்தார், எந்த மொழியில் என்ன பதில் வந்தது என்று தேதியோடு எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு அதே வாசலுக்குப் போகட்டும்.